விண்ணில் ஒரு மகளின் பெயர்

நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் முதலில் எழும் கேள்வி, என்ன பெயர் வைப்பது என்பதே. பாட்டியின் பெயரா, புனிதை ஒருவரின் பெயரா, புதிதாக ஒரு பெயரா என்று வீடே கூடிப் பேசும். பெயர் சூட்டிய பிறகுதான் அக்குழந்தை ஊருக்கு உரியதாகிறது. பின்னர் அப்பெயர் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுகிறது. நாள்தோறும் காலையில் வகுப்பறையில் அழைக்கப்படுகிறது. பெயர் சொல்லி அழைக்கும்போது உள்ளேன் என்று எழுந்து நிற்பதில் எவ்வளவு பெருமை இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விண்ணிலும் இப்படிப் பெயர் சூட்டும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தோடு நம் சென்னை மாநகருக்கு நெருங்கிய தொடர்பும் உண்டு. ஒரு தந்தையும் அவருடைய மகளும் அதற்குக் காரணமானவர்கள். தந்தை நார்மன் ராபர்ட் போக்சன், முப்பது ஆண்டுகள் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராய் இருந்தவர். மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன். நான்கு வயது நிரம்பும் முன்னரே அம்மகளின் பெயர் விண்ணில் ஏறிவிட்டது. ஆனால் மண்ணில் ஒரு கழகத்தின் பதிவேட்டில் அதே பெயர் ஏறுவதற்கு அறுபத்தெட்டு வயது வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த வரலாற்றை இங்கே நம் மாணவியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தேவாரத்தில் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், ஏலமலையின் கரிய விளிம்புக்கு மேலே விண்மீன்கள் அள்ளித் தெளித்தாற்போல் தோன்றும். அவற்றிடையே நம் கண்ணுக்குத் தெரியாமல் இலட்சக்கணக்கான சிறு உலகங்கள் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சிறுகோள்கள் என்கிறோம். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ளவை. ஏறத்தாழ 940 கிலோமீட்டர் விட்டமுள்ளது முதல் ஒரு பாறாங்கல் அளவே உள்ளது வரை பல வகை உண்டு.

இவற்றுள் முதலாவதைக் கண்டவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. இத்தாலி நாட்டுத் தியேட்டின் சபைக் குருவான ஜியூசெப்பே பியாசி, 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருந்து அதைக் கண்டார். சிசிலியின் காவல் தேவதையாகப் பழங்காலத்தார் வணங்கிய தானிய தேவதை சீரிசின் பெயரையும், தம் அரசர் ஃபெர்டினாண்டின் பெயரையும் சேர்த்து அதற்குச் சூட்டினார். மற்ற நாட்டினர் அரசரின் பெயரை ஏற்கவில்லை. அது உதிர்ந்து போயிற்று. சீரிஸ் என்ற பெயர் மட்டும் நின்றது. விண்ணில் பெயர் நிலைப்பதற்கு அதிகாரம் மட்டும் போதாது என்பதை முதல் சிறுகோளே காட்டிவிட்டது எனலாம்.

சீரிசுக்குப் பின் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று ஒவ்வொன்றாய்க் கண்டார்கள். அவை அனைத்தும் தேவதையரின் பெயர்கள். இதனால் சிறுகோள் என்றால் பெண்ணின் பெயர்தான் வைக்க வேண்டும் என்றொரு மரபு உண்டாகி நெடுங்காலம் நிலவியது. ஓர் ஆடவரின் நினைவாகப் பெயர் வைத்தாலும், அதன் ஈற்றைப் பெண்பாலாக மாற்றியே வைத்தனர். இதை நாம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நார்மன் போக்சன் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் 1829-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் நாள் பிறந்தார். தந்தை காலுறை உற்பத்தியிலும் பின்னல் துணி வணிகத்திலும் ஈடுபட்டவர், பிள்ளைகள் பலர். போக்சன் பதினாறு வயதிலேயே பள்ளியை விட்டார். கணக்கு ஆசிரியராக வேண்டும் என்பதே அப்போது அவருக்கிருந்த எண்ணம். ஆனால் வானியல் அவரை ஈர்த்தது. அதே நாட்டிங்ஹாமில் பிறந்த ஹிண்ட் என்ற வானியலார் அவருக்கு வழிகாட்டினார். பதினெட்டு வயதளவிலேயே இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டினார் போக்சன். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. கணக்கில் தேர்ச்சியும், இரவெல்லாம் கண் விழிக்கும் பொறுமையும் இருந்தன. 1851-இல் லண்டனில் ஒரு தனியார் வானாய்வு நிலையத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ராட்கிளிஃப் வானாய்வு நிலையத்தில் துணைவராக அமர்ந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் 1852 செப்டம்பரில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலிசபெத் ஐசிஸ் என்று பெயரிட்டனர். ஆக்ஸ்ஃபோர்டு வழியே ஓடும் தேம்ஸ் ஆற்றை அவ்வூரார் ஐசிஸ் என்றே அழைப்பர். காவிரிக் கரையில் பிறந்த பெண்ணுக்குக் காவேரி என்றும், வைகைக் கரையில் பிறந்த பெண்ணுக்கு வைகை என்றும் நம்மவர் பெயர் வைப்பதில்லையா, அது போன்றதே இதுவும். எகிப்து நாட்டுப் பழங்கதைகளில் வரும் ஒரு தேவதைக்கும் அதே பெயர்.

1856-ஆம் ஆண்டு மே 23 இரவு, போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதுவே அவர் கண்ட முதல் சிறுகோள். உலகம் அறிந்தவற்றுள் 42-ஆவது. அதற்குப் பெயரிடும் உரிமையைத் தம் நிலையத்தின் தலைவரான மானுவேல் ஜான்சனிடம் விட்டார். ஜான்சன் தேர்ந்த பெயர் ஐசிஸ். தேவதையரின் வரிசைக்கு அது பொருந்தியது; ஆற்றுக்கும் பொருந்தியது. ஆயினும் துணைவரின் வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை மனத்தில் வைத்தே அப்பெயரை அவர் தேர்ந்திருப்பார் என்று வானியல் வரலாற்றார் கருதுகின்றனர். இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் லலாந்து பரிசு போக்சனுக்குக் கிடைத்தது.

மறு ஆண்டு இன்னும் இரண்டு சிறுகோள்களைக் கண்டார். ஒன்று அரியாட்னி. கிரேக்கக் கதையில், சிக்கலான சுரங்க வழியிலிருந்து வீரன் மீண்டு வர நூல் உருண்டை கொடுத்து உதவிய இளவரசியின் பெயர் அது. மற்றொன்று ஹெஸ்டியா. அது வீட்டின் அடுப்பு நெருப்பைக் காக்கும் தேவதையின் பெயர். இதற்குப் பெயரிடும் உரிமையையும் போக்சன் தாம் வைத்துக்கொள்ளவில்லை. எந்தத் தொலைநோக்கியால் அதைக் கண்டாரோ, அத்தொலைநோக்கியின் முந்தைய உரிமையாளரான ஸ்மித் என்ற கடற்படைத் தளபதிக்கு அதை அளித்தார். கருவி தந்தவரையும் மறவாத பண்பு இதில் தெரிகிறது.

அதே 1856-இல் அவர் செய்த மற்றொரு செயல் அவருடைய பெயரை என்றும் நிலைக்கச் செய்தது. பழங்காலம் முதலே விண்மீன்களை ஒளிக்கேற்ப முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரங்களாகப் பிரித்து வந்தனர். ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு ஒத்துக்கொண்ட அளவு கிடையாது. முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட நூறு மடங்கு ஒளி உடையது என்று வைத்துக்கொள்ளலாம் எனப் போக்சன் முன்மொழிந்தார். அவ்வாறாயின் ஒவ்வொரு தரத்துக்கும் இடையே 2.512 மடங்கு வேறுபாடு வரும். இன்றும் உலகெங்கும் விண்மீன்களின் ஒளியை அளப்பது இந்த அளவுகோலைக் கொண்டே. போக்சன் விகிதம் என்பது இதன் பெயர்.

1861-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போக்சன் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வு நிலையத்தின் தலைவராக, அரசாங்க வானியலார் என்ற பதவியில் அமர்ந்தார். அந்நிலையத்தில் நின்ற கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அத்தூணை இன்றும் காணலாம்.

அந்நாளில் சிறுகோளைத் தேடுவது எப்படி என்பதைச் சற்று விளக்க வேண்டும். அப்போது வானைப் படம் பிடித்துத் தேடும் முறை வரவில்லை. வானின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கலான விண்மீன்களையெல்லாம் கையால் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அடுத்த இரவு அதே பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட வேண்டும். விண்மீன்கள் இருந்த இடத்தில் இருக்கும். ஏதேனும் ஒரு புள்ளி மட்டும் சற்றே நகர்ந்திருந்தால் அது சிறுகோளாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான அரிசிமணிகளுக்கிடையே ஊர்ந்து செல்லும் ஒரு வெள்ளை எறும்பைத் தேடுவது போன்ற வேலை அது. சென்னையின் புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். வரிசையில் அது 67-ஆவது. ஆசியக் கண்டத்தில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுவே. ஆதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். நாம் வாழும் கண்டத்தின் பெயர் இவ்வாறு நம் சென்னையில் இருந்தே விண்ணுக்குச் சென்றது.

1864-இல் சாப்போவைக் கண்டார். பண்டைக் கிரேக்க நாட்டில் புகழ் பெற்றிருந்த பெண்பாற் புலவர் சாப்போ. நமக்கு ஔவையார் எப்படியோ அப்படி. 1866-இல் சில்வியாவைக் கண்டார். ரோம் நகரை நிறுவியதாகக் கதைகள் கூறும் ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையரின் தாய் ரியா சில்வியா. அவளை எண்ணியே இப்பெயரை வைத்ததாகப் போக்சன் எழுதியிருக்கிறார். இதில் ஒரு வியப்பு உண்டு. 2001-ஆம் ஆண்டிலும் 2004-ஆம் ஆண்டிலும் அந்தச் சில்வியாவைச் சுற்றி வரும் இரண்டு சிறு நிலாக்களைக் கண்டுபிடித்தனர். அவற்றுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்றே பெயர் சூட்டினர். தாய்க்குப் பெயரிட்டு 140 ஆண்டு அளவில் கழிந்த பின் பிள்ளைகள் இருவரும் வந்து சேர்ந்தார்கள் என்று மகிழலாம் அன்றோ!

1868-இல் கண்டது கமில்லா. காற்றைப் போல் விரைந்து ஓடுபவள் என்று இலத்தீன் காவியம் பாடும் வீர அரசியின் பெயர். நம் பள்ளியின் ஓட்டப் பந்தய வீராங்கனைகள் அப்பெயரை விரும்புவார்கள் என்று நம்புகிறோம்.

போக்சனின் சென்னை வாழ்வு இன்பம் மட்டுமே நிறைந்ததன்று. ஆட்கள் குறைவு, வேலை மிகுதி. ஒருபுறம் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் இருப்பிடத்தை அளக்க வேண்டும். மறுபுறம் அந்த அளவுகளையெல்லாம் கணக்கிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு வலக்கையாய் நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம் நாட்டவர். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த அவர், மேல்நாட்டு வானியலையும் கற்றுத் தேர்ந்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைத் தாமே கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியை நம் மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். லண்டன் அரச வானியல் கழகம் 1872-இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஆட்சி செய்த நாட்டின் கழகம் ஆளப்பட்ட நாட்டின் அறிஞர் ஒருவரை ஏற்றது பெரிய செய்திதான். 1880-இல் அவர் மறைந்தது போக்சனுக்குப் பேரிழப்பாயிற்று.

அதற்கு முன்பே, 1869-இல், போக்சனின் மனைவி சென்னையில் காலமானார். வீட்டில் பிள்ளைகள் பலர். பதினேழு வயது ஐசிஸ் தாயின் பொறுப்பை ஏற்றுத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டார். இத்தகைய மூத்த பெண்கள் நம் ஊர்களிலும் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுடைய படிப்பும் கனவும் அடுப்படியோடு முடிந்து போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஐசிசுக்கு அவ்வாறு முடியவில்லை. தந்தை அவருக்கு வானியலையும் கணக்கையும் கற்றுக்கொடுத்தார். 1873-இல் ஐசிஸ் சென்னை வானாய்வு நிலையத்தில் கணக்கிடுபவர் என்ற பணியில் சேர்ந்தார்.

கணக்கிடும் பொறிகள் இல்லாத அக்காலத்தில் அப்பணி எளிதன்று. தொலைநோக்கியில் குறித்த ஒவ்வோர் அளவையும் பல திருத்தங்களுக்கு உட்படுத்த வேண்டும். காற்றின் வெப்பம், கருவியின் பிழை, கடிகாரத்தின் பிழை, பூமியின் அசைவு ஆகிய எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, மடக்கை வாய்பாட்டைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் ஓர் எண்ணைப் பெற வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் விண்மீன் இடம் மாறிவிடும். பிற்காலத்தில் வத்திக்கான் வானாய்வு நிலையத்தில் இத்தகைய பணியைச் செய்தவர்கள் நான்கு அருட்சகோதரிகள். எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செட்டா ஃபினார்டி, லூயிஜியா பன்சேரி என்ற அவர்கள், 1910 முதல் 1921 வரை 4,81,215 விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அளந்து கொடுத்தனர். அவர்கள் பெயர்கூட நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியவில்லை. அண்மைக் காலத்தில்தான் தெரிய வந்தது. விண்ணை அளந்த பெண்கள் பலர் இவ்வாறு மண்ணில் பெயரின்றி உழைத்தவர்களே.

ஐசிஸ் தம் பணியில் சிறந்து விளங்கினார். 1881 முதல் சென்னை அரசாங்கத்தின் வானிலைப் பதிவுப் பொறுப்பும் அவரிடம் வந்தது. மழை எவ்வளவு, காற்று எத்திசை, வெப்பம் எவ்வளவு என்று மாகாணமெங்கும் இருந்து வரும் குறிப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை அது. மழையை நம்பி வாழும் நாட்டில் அது எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை.

போக்சன் 1883-இல் மறுமணம் செய்துகொண்டார். 1885 பிப்ரவரி 6 அன்று தம் எட்டாவது சிறுகோளைக் கண்டார். சென்னையில் இருந்து கண்டவற்றுள் அது ஐந்தாவது. அதுவே கடைசியும் ஆயிற்று. அதற்கு வேரா என்று பெயர். இலத்தீனில் உண்மை என்பது அதன் பொருள். போக்சன் கண்ட எட்டும் பெண்பாற் பெயர்களையே பெற்றன.

மறு ஆண்டு, 1886-இல், போக்சன் ஒரு துணிவான செயலைச் செய்தார். லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தம் மகளை முன்மொழிந்தார். முழு உறுப்பினராவதற்கு அக்கழகத்தில் முன்மொழியப்பட்ட முதல் பெண் ஐசிஸ்தான். கரோலின் ஹெர்ஷல், மேரி சாமர்வில் என்ற இரு பெண்மணிகளுக்குக் கழகம் 1835-இல் கௌரவ உறுப்பினர் என்ற சிறப்பை அளித்திருந்தது. ஆனால் கழகத்தின் முறையான உறுப்பினராக எந்தப் பெண்ணும் இருந்ததில்லை. நிர்வாகிகள் வழக்கறிஞர்களைக் கலந்தனர். கழகத்துக்கு 1831-இல் மன்னர் அளித்த சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்கும் இடங்களில் அவன் என்ற ஆண்பாற் சொல்லே இருந்தது. ஆகவே பெண்ணைச் சேர்ப்பது சட்டப்படி செல்லாது என்று வழக்கறிஞர்கள் கருத்துச் சொன்னார்கள். விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த ஆண்டில் சிறுகோள்கள் இருநூற்றைம்பதுக்கு மேல் அறியப்பட்டிருந்தன. அவற்றின் அட்டவணையைப் புரட்டினால் பெண்களின் பெயராகவே இருக்கும். அந்த அட்டவணையில் 42-ஆம் எண்ணில் ஐசிஸ் என்ற பெயரும் இருந்தது. பெண்ணின் பெயரை விண்ணில் வைத்துப் போற்றிய அறிஞர்கள், அப்பெயருக்கு உரிய பெண் அருகே வந்து அமர்வதற்கு இடம் தரவில்லை. பெயரைப் போற்றுவது எளிது, ஆளை மதிப்பதே அரிது என்று இதனால் அறிகிறோம்.

ஐசிஸ் இதற்காகத் தம் வேலையை விட்டுவிடவில்லை. மறுநாளும் வாய்பாட்டைப் புரட்டிக் கணக்கிட்டார். அதற்கு மறுநாளும் மழையளவைக் குறித்தார். தந்தை போக்சன் முப்பது ஆண்டுப் பணிக்குப் பின் 1891 ஜூன் மாதம் சென்னையிலேயே காலமானார். அவர் காலத்து அளவுகளில் பல அவர் மறைந்த பின்னரே அச்சேறின. கண்ணால் தேடிச் சிறுகோள் காணும் காலமும் அதே ஆண்டில் முடிவை நெருங்கியது. 1891 டிசம்பரில் ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப், வானைப் படம் பிடித்து முதன்முதலாக ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். வானியலுக்குப் பொருளுதவி செய்த கேத்தரின் புரூஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் நினைவாக அதற்குப் புரூசியா என்று பெயரிட்டார்.

ஐசிஸ் தந்தைக்குப் பின்னும் பணியில் இருந்து, 25 ஆண்டுகள் நிறைந்தபின் 1898-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு சென்னையின் வானியல் பணி கோடைக்கானல் மலைக்கு மாறியது. சென்னை நிலையத்தின் பழைய கருவிகள் சிலவும் அங்கே சென்றன. நம் தேவாரத்துக்கு வடகிழக்கே பழனிமலைத் தொடரில் உள்ள கோடைக்கானல் வானாய்வு நிலையம், இவ்வாறு போக்சன் நிலையத்தின் வழித்தோன்றலாக இன்றும் சூரியனை ஆராய்ந்து வருகிறது. சுற்றுலா செல்லும்போது அதை ஒரு வேடிக்கைப் பொருளாக மட்டும் பாராமல், இந்தத் தந்தையையும் மகளையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.

1902-இல் ஐசிஸ், ஹெர்பர்ட் கென்ட் என்ற கப்பல் தலைவரை மணந்து, பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அரச வானியல் கழகம் 1915-இல் தன் சாசனத்தைத் திருத்தி, 1916 முதல் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது. 1920-இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டர்னர் முன்மொழிய, ஐசிசின் பெயர் கழகத்தின் பதிவேட்டில் ஏறியது. முதல் விண்ணப்பத்துக்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகள். தந்தை அந்நாளைக் காண இல்லை. ஐசிஸ் 1945-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில், இயற்கை எய்தினார்.

போக்சன் பலவற்றுக்குப் பெயர் வாங்கித் தந்தவர். தம் பெயரை எதற்கும் வைத்துக்கொள்ளாதவர். அவருக்கு உரிய மரியாதை பின்னால் தேடி வந்தது. 1968 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பால் வில்ட் கண்ட ஒரு சிறுகோளுக்குப் போக்சன் என்று பெயரிட்டனர். அதன் எண் 1830. நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் உண்டு.

வேராவுக்குப் பின் நம் நாட்டில் இருந்து புதிய சிறுகோள் காண நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1988 பிப்ரவரி 17 அன்று, வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையத்தில் இருந்து, இரா. ராஜமோகன் தலைமையிலான குழு ஒன்றைக் கண்டது. கணித மேதை இராமானுஜனின் பெயரை அதற்குச் சூட்டினர். அதன் எண் 4130. சென்னையில் பிறந்து, கோடைக்கானலில் இயக்குநராயிருந்து, காவலூர் நிலையத்தை உருவாக்கிய வைணு பாப்புவுக்கும், இயற்பியல் மேதை சந்திரசேகருக்கும் இவ்வாறே சிறுகோள்கள் உண்டு.

இன்று பெயரிடும் முறை ஒழுங்குபட்டுள்ளது. புதிதாகக் கண்ட பொருளுக்கு உடனே பெயர் கிடைக்காது. முதலில் தற்காலிகக் குறியீடு ஒன்று தருவார்கள். இராமானுஜன் சிறுகோளின் குறியீடு 1988 டிக்யூ1. இதில் 1988 என்பது ஆண்டு. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒவ்வொரு மாதத்தையும் இரு பாதியாகக் குறிப்பர். டி என்றால் பிப்ரவரியின் பின்பாதி. க்யூ1 என்பது அப்பாதியில் 41-ஆவதாகப் பதிவானது என்பதைக் காட்டும். பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அது செல்லும் பாதையை ஐயமின்றிக் கணக்கிட்ட பின்னரே நிலையான எண் கிடைக்கும். எண் கிடைத்ததும் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டுகள் உண்டு.

பெயர் 16 எழுத்துக்கு மேற்படலாகாது, நாவில் எளிதாக வர வேண்டும், யாரையும் புண்படுத்தலாகாது, ஏற்கெனவே உள்ள பெயர்களோடு குழம்பலாகாது. அரசியலிலும் போரிலும் புகழ் பெற்றவர்களாயின் அவர்கள் மறைந்து 100 ஆண்டுகள் கழிய வேண்டும். வணிகப் பொருள்களின் பெயருக்கு இடமில்லை. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஒன்று ஏற்றுக்கொண்டாலே பெயர் நிலைக்கும். 2023-இல் இயேசு சபைக் குருக்கள் சிலரின் பெயரும், நாம் இன்று வழங்கும் நாட்காட்டியைத் திருத்தி அமைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியின் இயற்பெயரும் இவ்வாறு ஏற்கப்பட்டன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுகோள்கள் எண் பெற்றிருக்க, பெயர் பெற்றவை 25,000 அளவிலேயே உள்ளன. பணம் வாங்கிக்கொண்டு விண்மீனுக்குப் பெயரிட்டுத் தருகிறோம் என்று சான்றிதழ் விற்பவர்கள் உண்டு. அவற்றை ஒன்றியம் ஏற்பதில்லை என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது. விண்ணில் பெயர் விலைக்குக் கிடைப்பதன்று.

அன்பு மாணவியரே, விடியுமுன் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். உங்களில் சிலரின் அன்னையர் அவர்களுள் இருக்கலாம். ஏலக்காயை முற்றல் பார்த்து, செடி நோகாமல் எடுக்கும் அவர்களுடைய கைத்திறனுக்குத் தோட்டத்துப் பேரேட்டுக்கு வெளியே பெயர் இல்லை. அவர்கள் உழைப்பில்தான் உங்கள் பெயர் இப்பள்ளியின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஐசிசின் தந்தை மகளுக்குக் கொடுத்த பெயர் விண்ணில் நின்றது. ஆனால் அவர் கொடுத்த கல்வியே அவள் காலில் அவளை நிற்க வைத்தது. பெற்றோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

நாளைக் காலையில் வகுப்பில் பெயர் அழைக்கப்படும்போது, அது 34 ஆண்டுகள் ஒரு பெண்மணி காத்திருந்து பெற்ற உரிமை என்பதை நினைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். அப்பெயருக்கு உரிய கடமையைச் செய்யுங்கள். விண்ணில் பெயர் ஏறுமா என்பதை இறைவன் திருவுளத்துக்கு விட்டுவிடுவோம்.